ஹிஸ்டமினும் இரைப்பை அமிலமும்

என் தந்தையாருக்கு நெடுநாளாக வயிற்றுப்புண் இருந்தது. காரைக்காலில் எங்கள் இல்லத்தில் நள்ளிரவில் அவர் எழுந்து நீராகாரம் பருகுவார், வலி சற்றே தணியும், மீண்டும் தோன்றும். 1973-ஆம் ஆண்டில் அவருடைய இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். வேறு வழியில்லை என்றார் மருத்துவர். அன்று அது பெரிதும் உண்மையே.

மாணவச் செல்வங்களே, புண்ணை எரியச் செய்த அந்த அமிலம் எவ்வாறு சுரக்கிறது? நாம் உண்ணும்போது நரம்பும், காஸ்ட்ரின் என்னும் இயக்குநீரும் இரைப்பைச் சுவருக்குச் செய்தி விடுக்கின்றன. அச்செய்தியின் பெரும்பகுதி அமிலம் சுரக்கும் உயிரணுவை நேரே அடைவதில்லை. அண்டையிலுள்ள வேறோர் உயிரணு அதனைப் பெற்று, ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகிறது. அது அமில உயிரணுவின் புறத்தேயுள்ள ஏற்பியில் பொருந்தியதும், உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்னும் பொருள் பெருகுகிறது. உடனே, கொட்டகையில் கிடந்த இறவைப் பொறிகளை வாய்க்கால் கரைக்குக் கொணர்ந்து ஓட்டுவதுபோல, உள்ளே ஒடுங்கியிருந்த நுண்ணிய இறைப்பான்கள் உயிரணுவின் விளிம்புக்கு வந்து, பொட்டாசியத்தை உள்வாங்கி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கின்றன.

1916-இல் போபியெல்ஸ்கி என்பார் நாயின் தோலடியில் ஹிஸ்டமினைச் செலுத்தி, இரைப்பை நீர் பெருகுவதைக் கண்டார். 1937-இல், நம் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பாரிஸ் பாஸ்தர் நிலையத்தில் போவே ஹிஸ்டமினை எதிர்க்கும் முதற்பொருளை ஆராய்ந்தார். அதன் வழிவந்த மருந்துகள் தும்மலையும் தடிப்பையும் தணித்தன, அமிலத்தையோ தடுக்கவில்லை! ஆகவே, இரைப்பையில் ஹிஸ்டமினுக்கு இரண்டாம் வகை ஏற்பி ஒன்று இருத்தல் வேண்டும் எனக் கருதினார் ஜேம்ஸ் பிளாக். இவர் முன்னர்ச் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர். அவ்வேற்பியை மட்டும் அடைக்கும் பொருளைத் தேடி அவருடைய குழுவினர் பல்லாண்டு உழைத்தனர். 1976-இல் சிமெடிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988-இல் பிளாக் நோபெல் பரிசு பெற்றார்.

இடையே ஒன்று: வெயிலில் கிடந்த சூரை மீனிலும் காணாங்கெளுத்தியிலும் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். குழம்பில் கொதித்தாலும் அது அழியாது. உண்டவர் முகம் சிவக்கும்.

அமிலம் மட்டுமே குற்றவாளி என எண்ணற்க. பல புண்களுக்கு மூலம் ஒரு கிருமி என்பதை 1980-களில் வாரனும் மார்ஷலும் காட்டினர். இன்று அக்கிருமியைச் சில வார மருந்துகளால் ஒழிக்கலாம்.

சிமெடிடின் நம் ஊர்க் கடைக்கு வந்தபோது, அதன் அட்டைப்பெட்டியைத் தந்தையாரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூன்றாண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.