பிரெஞ்சு மொழியில் "போயிருந்தது"

(ஈஜிபுராவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் பிரெஞ்சு இலக்கணத்திற்கு என்ன வேலை என்று சிலர் புன்னகை பூப்பதைக் காண்கிறோம். வேலை இருக்கிறது. நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் சிலர், பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பின்மையாலோ, மதிப்பெண் கருதியோ, பிரெஞ்சு மொழியைப் பாடமாக எடுத்துள்ளனர். "பிரெஞ்சு நன்றாக வர வேண்டுமானால் வீட்டில் ஆங்கிலமே பேச வேண்டும், தமிழ் குறுக்கே நிற்கும்" என்று பெற்றோர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை முழக்கத்தால் அன்று, ஒரேயோர் இலக்கணப் பகுதியைக் கொண்டே காட்ட விழைகிறோம். நாம் பிரெஞ்சுப் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணி புரிகிறோம். பிள்ளையின் பாடநூலை மாலைதோறும் உடனமர்ந்து படித்ததே நம் பிரெஞ்சுக் கல்வி.

பிரெஞ்சு மாணவர் அஞ்சும் பாடங்களுள் ஒன்று "ப்ளுஸ்-க-பர்ஃபே" என்னும் காலம். "முற்றுப்பெற்றதினும் மேற்பட்டது" என்பது அப்பெயரின் பொருள். பெயர்தான் பெரிது. பொருளோ நாம் நாள்தோறும் வழங்குவது. "நாங்கள் நிலையத்தை அடைந்தபோது வண்டி போயிருந்தது" என்கிறோம். அடைந்ததும் இறந்தகாலம்; போனதும் இறந்தகாலம். ஆனால் போனது முந்தியது. அம்முந்திய செயலைக் குறிப்பதே இக்காலம். "ல த்ரேன் எத்தே பர்த்தி" என்று பிரெஞ்சுக்காரர் கூறுவர். "த்ரேன்" என்பது வண்டி. "பர்த்தி" என்பது புறப்பட்ட நிலை. "எத்தே" என்பது "இருந்தது". நம் "போய்" என்னும் எச்சமும் "இருந்தது" என்னும் துணைவினையும் செய்யும் வேலையை, அங்கு இவ்விரு சொற்களும் செய்கின்றன. நாம் வாழும் இம்மண்ணின் கன்னடத்திலும் "ஹோகித்து" என்பதனுள் "இரு" என்னும் வினையே ஒளிந்துள்ளது.

இனி, சொல்லாக்கம் காண்போம். இதற்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். ஒன்று, துணைவினையின் இறந்தகால வடிவம். மற்றொன்று, முதன்மை வினையின் முற்றிய வடிவம். "பர்லே" (பேசு) என்னும் வினைக்கு இரு வடிவத்திற்கும் ஒலி ஒன்றே. எழுத்தில் மட்டும் ஈறு மாறும். "ஃபினீர்" (முடி) என்பது "ஃபினி" ஆகும். "வாந்த்ர்" (விற்பனை செய்) என்பது "வாந்த்யூ" ஆகும். இம்மூன்று வாய்பாட்டுக்கும் அடங்காத வினைகள் சில உண்டு. "எக்ரீர்" (எழுது) என்பது "எக்ரி" என்றும், "வுவார்" (காண்) என்பது "வ்யூ" என்றும் வரும். அவற்றை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை.

துணைவினையில்தான் சிக்கல் தோன்றுகிறது. ஆங்கிலேயருக்கு "ஹாட்" ஒன்றே போதும். நமக்கு "இரு" ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரருக்கோ இரண்டு வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு "அவுவார்", அதாவது உடைமையைக் குறிக்கும் வினை. சில வினைகளுக்கு "எத்ர்", அதாவது நம் "இரு". "ஜவே பர்லே" என்றால் "நான் பேசியிருந்தேன்". "ஜெத்தே வென்யூ" என்றால் "நான் வந்திருந்தேன்". இக்காலத் தமிழில் உடைமையைக்கூட "என்னிடம் பணம் இருக்கிறது" என்று "இரு" வினையாலேயே சொல்கிறோம். ஆதலால் நம் பிள்ளைகளுக்கு "எத்ர்" எளிதாகவும், "அவுவார்" புதிதாகவும் தோன்றுவது இயல்பே.

எவ்வினைகள் "எத்ர்" கொள்ளும்? புகைவண்டி நிலையத்தை நினைவிற் கொண்டால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். வருதல், போதல், வந்தடைதல், புறப்படுதல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், தங்குதல், திரும்புதல், விழுதல் ஆகியன அவை. இவற்றோடு மனிதன் உலகிற்கு வருவதும் உலகைவிட்டுப் போவதுமாகிய பிறத்தல், இறத்தல் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னையே நோக்கிய வினைகளும் "எத்ர்" கொள்ளும். ஆயினும் அசைவு எல்லாம் இப்பட்டியலில் அடங்கா. நடத்தலும் ஓடுதலும் "அவுவார்" பக்கமே நிற்கும்.

இங்கே தமிழ் நமக்குச் செய்யும் பேருதவி ஒன்றுண்டு. "மோந்தே" என்னும் ஒரே பிரெஞ்சு வினை, ஏறுதலையும் குறிக்கும், ஏற்றுதலையும் குறிக்கும். "நூஸ் எத்தியோன் மோந்தே" என்றால் "நாங்கள் ஏறியிருந்தோம்". "நூஸ் அவியோன் மோந்தே லா மால்" என்றால் "நாங்கள் பெட்டியை ஏற்றியிருந்தோம்". அவர்கள் துணைவினையை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை நாம் வினையிலேயே காட்டுகிறோம். ஏறு, ஏற்று, இறங்கு, இறக்கு. தன்வினை பிறவினை என்று தமிழாசிரியர் கற்பித்தது இதுவே. ஆங்கிலம் வழியே கற்கும் பிள்ளை இதனைத் தனி விதியாக நெட்டுருச் செய்கிறது. தமிழறிந்த பிள்ளை, "எதையேனும் ஏற்றினோமா, நாமே ஏறினோமா?" என்று தன்னையே கேட்டு விடை காண்கிறது.

வேறுபாடுகளையும் மறைத்தலாகாது. நம் வினைமுற்றின் ஈறு ஆளைக் காட்டிவிடும். "வந்திருந்தேன்", "வந்திருந்தாய்", "வந்திருந்தாள்" என்று காதே பிரித்தறியும். பிரெஞ்சிலோ "நான்", "நீ", "அவன்", "அவர்கள்" ஆகிய நான்கிற்கும் "அவே" என்ற ஒரே ஒலிதான். எழுத்து மட்டுமே மாறும். ஆதலால் "நான்", "நீ" என்னும் சொல்லை அங்கு விட்டுவிடலாகாது. "எத்ர்" வருமிடத்தில் முற்றிய வடிவமும் பெண்பாலுக்கும் பன்மைக்கும் ஏற்பத் தன் ஈற்றெழுத்தை மாற்றிக்கொள்ளும். பெரும்பாலும் இது காதிற்குக் கேளாது. எழுதும்போதே பிழை நேரும். எதிர்மறையில் "ந", "பா" என்னும் இரு சொற்கள் துணைவினையை இருபுறமும் அணைத்து நிற்கும். "ஜ நவே பா பர்லே" என்பது "நான் பேசியிருக்கவில்லை" என்பதாம்.

இக்காலத்தை எங்கே ஆள்வது? நிகழ்ந்த முறையிலேயே சொல்லிச் சென்றால் இது வேண்டுவதில்லை. "உண்டேன், பின்பு வெளியே சென்றேன்" என்பதற்குச் சாதாரண இறந்தகாலமே போதும். கதை முன்னோக்கிச் செல்கையில், சொல்வோன் ஒரு நிலையம் பின்னோக்கித் திரும்பினால் அங்கேதான் இது வேண்டும். பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போதும் அவ்வாறே. "பணம் கட்டிவிட்டேன் என்று சொன்னான்" என்று நாம் அவன் வாய்ச்சொல்லையே தருகிறோம். பிரெஞ்சிலோ "தான் கட்டியிருந்ததாகச் சொன்னான்" என்று காலத்தை ஒருபடி பின்தள்ள வேண்டும். நம் பிள்ளைகள் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தமிழும் பிரெஞ்சும் ஒரே தெருவில் வாழ்ந்த ஊர் புதுச்சேரி. விழுப்புரத்திலிருந்து அவ்வூருக்கு 1879-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரிமார் தமிழ்-பிரெஞ்சு அகராதியின் முதற்பகுதியை 1855-இல் வெளியிட்டனர். அவ்வூரின் அரசியல் வரலாறே நம் பாடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1956-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாளே அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே, "1962-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஆட்சி 1954-லேயே கைமாறியிருந்தது" என்கிறோம். இந்தக் "கைமாறியிருந்தது" என்பதே ப்ளுஸ்-க-பர்ஃபே.

அவ்வுடன்படிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்நிலத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். எனினும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று விதித்தனர். விரும்பியும் அவ்வாறு எழுதாதுவிட்ட ஒருவருக்குக் கெடு கடந்தபின் எஞ்சுவது என்ன? "எழுதிக் கொடுத்திருந்தால்" என்னும் ஒரு சொல்லே. இக்காலத்தின் மற்றொரு பயன் இதுவாகும். "ஸி த்யூ மவே எக்ரி, ஜ ஸெரே வென்யூ" என்பர். "நீ எனக்கு எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன்" என்பது பொருள். எழுதவில்லை, வரவுமில்லை. கைநழுவிப் போனதைச் சொல்ல இரு மொழியும் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

பெற்றோரே! நம் பிள்ளைகள் பிரெஞ்சு கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். வசந்தநகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, வசதியுள்ளோர் அனுப்புங்கள். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டா. "போனது", "போய்விட்டது", "போயிருந்தது", "போயிருந்தால்" என்னும் நான்கின் வேறுபாட்டை உணவு வேளைப் பேச்சிலே பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, பிரெஞ்சு ஆசிரியர் கற்பிப்பதில் பாதி முன்னரே தெரிந்திருக்கும். நம் பிள்ளைகளிடம் இன்று தமிழ் குறைந்து வருகிறது. எல்லாவற்றையும் "போச்சு" என்ற ஒரு சொல்லால் முடிக்கும் பிள்ளைகளை நம் தெருவிலேயே காண்கிறோம். அவர்களுக்கு இழப்பு தமிழில் மட்டும் அன்று. எம்மொழி கற்றாலும் முந்தியதையும் பிந்தியதையும் பிரித்துணர இன்னொரு முறை உழைக்க நேரும்.

ஆதலின் மாலையில் கால்மணி நேரமேனும் பிள்ளைகளை அருகிருத்தி, அன்று நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களாகிய நாம் சொல்லும் ஊர்க்கதைகளில் இக்காலம் தானே வந்து அமையும். அதையும் கேட்கச் செய்யுங்கள். "தமிழ் கற்பித்திருந்தால்" என்று பின்னொரு நாள் எந்த வீட்டிலும் சொல்ல நேராதிருக்கட்டும்.