கப்பல் வரியில் யாருடைய முத்திரை?

 

இலக்கியக் கூட்டத்தில் கப்பல் வரிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர், சரக்குப் பொதிகளில் சோழனின் புலி இலச்சினையைப் பொறிக்கிறார்கள். வரியை வாங்குவது யார் என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை. இன்று கடலில் வரப்போகும் வரியில் யாருடைய முத்திரை இருக்கிறது? இதுதான் என் கேள்வி.

2025 ஏப்ரலில், லண்டனில் இருக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தக் கொள்ளளவு 5,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் பசுங்குடில் வாயு வரம்பை மீறினால், மீறிய ஒவ்வொரு தொன்னுக்கும் 100 அல்லது 380 அமெரிக்க டொலர் கட்ட வேண்டும். 63 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் அவற்றில் ஒன்று. 16 நாடுகள் எதிர்த்தன. ஒக்ரோபரில் அதை இறுதியாக ஏற்கக் கூடியபோது, ஆதரிக்கும் நாடுகளுக்குத் துறைமுகக் கட்டணம், விசாக் கட்டுப்பாடு என்று அமெரிக்கா மிரட்டியது. 57க்கு 49 என்ற வாக்கில் விஷயம் ஓராண்டு தள்ளிப்போனது.

இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள். இப்படியொரு திருத்தம் ஏற்கப்பட்டபின், மூன்றிலொரு பங்கு நாடுகளோ, உலகக் கப்பல் கொள்ளளவில் பாதியைக் கொண்ட நாடுகளோ மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அது நடைமுறைக்கு வந்துவிடும். மௌனம் சம்மதம்! ஆகவே, ‘எங்களைக் கேட்காமல் போட்ட வரி’ என்ற குரலில் நியாயம் உண்டு. ஸ்காபரோக் கடையில் அரிசி மூட்டையின் விலையில் அது ஏறினால் நாம் யாரைக் கேட்பது?

ஆனால் புகையும் எங்களைக் கேட்டு வருவதில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது. பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. நீர்கொழும்பு மீனவரிடம் யார் வாக்குக் கேட்டார்கள்? லண்டன் நீதிமன்றம் கப்பல்காரரின் பொறுப்பைச் சுமார் 19 மில்லியன் பவுணுக்குள் அடக்கியது. 2025 யூலையில் இலங்கை உச்ச நீதிமன்றமோ 100 கோடி அமெரிக்க டொலர் கட்டச் சொன்னது. பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்ததும் ஒரு சர்வதேச உடன்படிக்கைதான். வரியென்றதும் ஜனநாயகம் பேசுவோர், அந்த வரம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வேறு வழி உண்டா? கனடாவிலேயே இருக்கிறது. 1970இல் அரோ என்ற எண்ணெய்க் கப்பல் நோவா ஸ்கோசியாவில் பாறையில் மோதியது. நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1972 முதல் 1976 வரை, கப்பலில் வந்த எண்ணெய்க்குத் தொன்னுக்கு 15 சதம் வாங்கினார்கள். அந்த நிதி வட்டியோடு இன்றும் இருக்கிறது. அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. அந்த வரிக்கு முத்திரையும் உண்டு, கணக்கும் உண்டு.

எனக்கு இந்தக் கப்பல் வரி வேண்டும். அதன் கணக்கும் வேண்டும். தள்ளிப்போட்ட விவாதம் திரும்ப வரும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் நாடு எப்படி வாக்களிக்கும்? சேரும் பணம் யாருக்குப் போகும்? அதன் கணக்கு நாடாளுமன்றத்துக்கு வருமா? கிடைக்கும் பதில்களை இங்கே கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.