வயசான நாயோடு ஒரு நடை: அதுவும் பத்திரம், நீங்களும் பத்திரம்

(திருப்பூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால் நேரா விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நான் கால்நடை டாக்டர் இல்லை, செய்தித் துறையில் எழுதுகிற வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் சொன்னதையும் எங்க வீட்டில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்க வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய். வயசு 12. என் அப்பாருவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ரெண்டு பேரும் தினமும் காலை ஐந்தரைக்கு நடக்கக் கிளம்பிவிடுவார்கள். போன மார்கழியில் ஒருநாள், இன்னும் இருட்டு. கோழிக்கழிவு கொட்டுகிற ஒரு மூலையில் நாலு தெருநாய்கள் நின்றிருக்கின்றன. மணிக்குக் காது சரியாகக் கேட்காது, பார்வையும் மங்கல். கிட்டே போகிற வரைக்கும் அதுக்குத் தெரியவே இல்லை. நாலும் பாய்ந்ததும் அப்பாரு பதறி நடுவில் கையை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் கையில் மஞ்சளைப் பூசிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பிடும்போதுதான் அம்மா அதைப் பார்த்தாங்க. புறங்கையில் சின்னக் கீறல், ரெண்டு பொட்டு ரத்தம் உறைந்திருந்தது. கேட்டால், “நம்ம மணி பல்லுதான் பட்டிருக்கும் கண்ணு, ஒண்ணும் ஆகாது” என்றார். எந்த நாயின் பல் பட்டது என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று பிடிவாதம். காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் மனசில் இருந்தது தொப்புளைச் சுற்றிப் போடுகிற 14 ஊசி.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் அந்தப் பயம் இருக்கும். அது பழைய கதை என்று அவங்களுக்குச் சொல்லுங்க. அந்த மாதிரிப் போட்ட பழைய மருந்து இந்தியாவில் 2004-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. தோலுக்குள் போடும் முறையில் நாலே தடவை: முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். நம்ம ஊரில் இருந்து மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் குன்னூர். அங்கே வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இன்றும் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து பக்கத்தில்தான் இருக்கிறது. நாம் போய்ப் போட்டுக்கொள்வதுதான் தாமதம்.

அப்பாருவை அன்றைக்கே கூட்டிப் போய் ஊசி போட்டோம். நல்லா இருக்கிறார். மணியும் நல்லா இருக்குது. அந்த நடையில் நாங்கள் செய்த தப்பு என்ன என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. நாய்க்கு வயசாகிவிட்டது, நடை மட்டும் பழைய நடையாகவே இருந்தது.

முதலில் வீட்டுக்குள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பெரிய ஜாதி நாய்கள் ஏழெட்டு வயசிலேயே முதுமைக்கு வந்துவிடும். சின்ன ஜாதிகள் பத்து வயசு வரைக்கும் துடிப்பாக இருக்கும். “வயசாச்சு, அதான் படுத்தே கிடக்குது” என்று விட்டுவிடாதீங்க. எழும்போது தடுமாறுவது, படி ஏறத் தயங்குவது, சுவரில் முட்டுவது, ராத்திரி காரணமில்லாமல் குரைத்துக்கொண்டே சுற்றுவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, வாய் நாற்றம், எடை குறைவது, இதில் எது இருந்தாலும் உள்ளே ஏதோ நோய் இருக்கலாம். மூட்டுவலி, கண்புரை, சிறுநீரகக் கோளாறு, பல் நோய் இவையெல்லாம் வயசான நாய்களுக்கு அதிகம் வரும். பலதுக்கு மருந்து இருக்குது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்க. டாக்டர் மேஜையில் ஏற்றினால் எந்த நாயும் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் வீட்டில் அது நடக்கிறதை, எழுந்திருக்கிறதை போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாய் நொண்டுகிறது என்று நம்ம மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீங்க. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற மனித வலி மாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வெங்காயம், சாக்லேட், உலர் திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு இவையும் வேண்டாம். மிச்சமான பிரியாணியில் இதில் ரெண்டாவது இருக்கும், பார்த்துக்கோங்க.

படுக்கைக்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லை. பனியன் கட்டிங் வேஸ்ட்டைச் சுத்தமான உறையில் திணித்துத் தைத்தால், மூட்டு வலிக்கிற நாய்க்கு அருமையான மெத்தை. ஆனால் உறை கிழியாமல் இருக்கணும். நூலோ எலாஸ்டிக்கோ விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும், ஆபரேஷன் வரைக்கும் போகும். வீட்டிலேயே பவர் டேபிள் போட்டுத் தைக்கிறவங்க ஊசி, நூல்துண்டு எல்லாம் கூட்டி எடுத்துவிடுங்க. டைல்ஸ் தரை வழுக்கினால் நாய் நடக்கிற வழியில் சாக்கு விரித்துவிடுங்க. காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பாதீங்க. பயத்தில் கடித்துவிடும். முன்பக்கமாக வந்து, தரையை லேசாகத் தட்டி எழுப்பணும். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்க.

இப்போது நடைக்கு வருவோம்.

வயசான நாய்க்கு நடை வேண்டாம் என்று நிறுத்திவிடக் கூடாது. நடக்காவிட்டால் மூட்டு இன்னும் இறுகிவிடும். ஒரே நீண்ட நடைக்குப் பதில் சின்னச் சின்னதாக ரெண்டு மூன்று நடை போதும். அது நின்றால் நீங்களும் நில்லுங்க. நேரம் ரொம்ப முக்கியம். இருட்டில் வேண்டாம். கம்பெனி வேன்கள் பறக்கிற எட்டு, எட்டரை மணியும் வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு, ரோடு சூடாவதற்கு முன்னால் போய்வந்துவிடுங்க. சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்த பிறகும் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை ரோட்டில் ஐந்து நொடி வையுங்க. உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாய் நிற்காமல் மூச்சு வாங்கி, எச்சில் வடித்துத் தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்று வீசிவிட்டு, உடனே டாக்டரிடம் போங்க.

கழுத்துப்பட்டையைவிட, மார்பையும் தோளையும் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் வயசான நாய்க்கு நல்லது, கழுத்து இறுகாது. கயிறு ஒன்றரை, ரெண்டு மீட்டர் போதும். அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீங்க. நாய் இழுத்தால் நீங்கள் விழுவீங்க, பெரியவங்களுக்கு இடுப்பெலும்பு போய்விடும். நடைபாதை இல்லாத ரோட்டில் எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடங்க. நாய் ஓரத்தில், நீங்கள் வண்டிப் பக்கம். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்க. சாக்கடையிலும் நொய்யல் கரைத் தேக்கத்திலும் வாய் வைக்க விடாதீங்க. எலி சிறுநீர் கலந்த நீரால் பரவுகிற எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். இன்னொன்று, போன் பாக்கெட்டில் இருக்கட்டும். ரீல்ஸ் பார்த்துக்கொண்டு நடந்தால் எதிரே நிற்கிற நாய் தெரியாது.

தெருநாய்க் கூட்டம் தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பி வேற வழியில் போய்விடுங்க. ஓடாதீங்க, கல்லை எடுக்காதீங்க, கண்ணை முறைத்துப் பார்க்காதீங்க. ஒரு குடை கையில் இருக்கட்டும். நெருங்கி வந்தால் நடுவில் விரித்துப் பிடித்தபடி மெல்லப் பின்னால் நகருங்க. சண்டையே வந்துவிட்டாலும் நடுவில் கையை மட்டும் விடாதீங்க. எங்க அப்பாரு செய்தது அதைத்தான்.

கடித்துவிட்டால்? கீறல்தான் என்றாலும் இதைச் செய்யுங்க. ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிஷம் கழுவணும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்க, 15 நிமிஷம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். உடனே பக்கத்து அரசு மருத்துவமனை. ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு, காயத்திலும் சுற்றியும் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும், அங்கேயே முடிவு செய்வாங்க. “கடித்த நாயைப் பத்து நாள் பார்க்கலாம்” என்று காத்திருக்காதீங்க. முதல் ஊசி போட்டுக்கொண்டுதான் பார்க்கணும். அடுத்த ஊசித் தேதிகளை அங்கே இருக்கும்போதே போனில் அலாரமாக வைத்துவிடுங்க. நிறையப் பேர் ரெண்டாவதோடு நின்றுவிடுகிறாங்க. ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின, 43 பேர் ரேபீஸில் இறந்தார்கள்.

உங்க நாயையும் கடித்திருந்தால், தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்க. அதன் காயத்தை வெறுங்கையால் தொடாதீங்க, கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் கவரையாவது மாட்டிக்கோங்க. “கிழ நாய்க்கு எதுக்கு ஊசி” என்று நினைக்காமல் வருஷா வருஷம் ரேபீஸ் தடுப்பூசியைப் போட்டு, தடுப்பூசிப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கோங்க.

கடைசியாக, நம்ம எல்லாருக்குமான ஒரு விஷயம். கோழிக்கழிவைத் தெருமுனையில் கொட்டுகிற இடத்தில்தான் நாய்க்கூட்டம் சேருது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றதால் விவசாயிகள் ரோட்டுக்கு வந்து போராடியதை நீங்கள் பார்த்தீங்க. 2023-ம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. கழிவைக் கொட்டாமல் இருப்பதும், சோறு வைப்பவங்க குழந்தைகள் விளையாடுகிற இடத்தைத் தவிர்ப்பதும் நம்ம பொறுப்பு. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகும்போது, வயசான நாயைப் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவங்களும் இருக்காங்க. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். பத்து வருஷம் வாசலைக் காத்த நாய்க்கு அதைச் செய்யலாமுங்களா?

இப்பவே போனை எடுத்து மூன்று எண்களைச் சேமித்துக்கோங்க. கால்நடை மருத்துவ உதவிக்கு 1962. உடல்நல ஆலோசனைக்கு 104. தெருநாய், கழிவு பற்றிய புகாரை மாநகராட்சியில் சொல்லியும் தீராவிட்டால் முதல்வரின் முகவரி 1100.

எங்க அப்பாருவும் மணியும் இப்போது ஆறரைக்குத்தான் கிளம்புகிறார்கள். வேற தெரு, கையில் குடை. மணி நாலு வீட்டுக்கு ஒருதரம் நிற்கும், அப்பாருவும் நிற்பார். அவருக்கும் முட்டிவலிதானே!