சொட்டும் தண்ணீரை நாமே நிறுத்தலாம்



வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாய் கசிந்தால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒரு கேள்வி. நம் தாபோடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாவள் தாலுக்காவில் பவனா அணை இருக்கிறது. அந்த அணை நீர் ஆற்றின் வழியே ராவேத் வரை வருகிறது. அங்கே இறைத்து, சுத்தம் செய்து, குழாயில் அனுப்புகிறார்கள்.

அந்தத் தண்ணீரை அணையிலிருந்தே மூடிய குழாயில் கொண்டுவர ஒரு திட்டம் போட்டார்கள். தங்கள் வயலுக்கு நீர் குறைந்துவிடும் என்று மாவள் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். 2019 நவம்பரில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடத் தொடங்கியது. நம் வீட்டில் தண்ணீர் எவ்வளவு அருமையானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் சொட்டுகிறது. யார் கண்ணிலும் படுவதில்லை. கசியும் இடத்தின் கீழே ஒரு டம்ளர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி சேர்ந்தால், ஒரு நாளைக்கு 4,800 மில்லி. அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். 30 நாளில் 144 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட பத்துக் குடம்! தரையில் ஓதம் ஏறும். கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வரும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே முதல் வேலை, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குவது. கை காய்ந்திருக்க வேண்டும். காலில் செருப்பு வேண்டும். பிளக் பக்கம் நனைந்திருக்கிறதா? தொடாதீர்கள். மெயினை அணையுங்கள்.

அடுத்து, கசிவு எங்கே என்று பாருங்கள். எல்லா இணைப்புகளையும் துணியால் துடையுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். பிறகு குழாயைத் திறவுங்கள். உடனே தாள் நனைந்தால், தண்ணீர் வரும் ஹோஸில் கசிவு. மெஷின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும்போது மட்டும் நனைகிறது என்றால், வெளியேற்றும் ஹோஸில் கசிவு. மெஷின் ஓடும்போது தள்ளி நின்று பாருங்கள், கை வைக்காதீர்கள். மெஷினின் அடி நடுவிலிருந்து ஒழுகினால் கோளாறு உள்ளே இருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

வரும் ஹோஸின் இரண்டு முனையிலும் திருகும் நட்டு இருக்கும். குழாயை மூடிவிட்டு, கீழே வாளி வைத்து, நட்டைக் கழற்றுங்கள். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். பல வீடுகளில் குற்றவாளி அதுதான். நாளாக ஆக ரப்பர் இறுகி வெடித்துவிடும். பழைய வாஷரைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டு போங்கள். அதே அளவில் புதிது வாங்குங்கள். மராத்தியிலும் அதற்கு வாஷர் என்றுதான் பெயர். கடைக்காரருக்குப் புரியும்.

மெஷின் பக்கத்து முனையில் சிறிய வலை இருக்கும். அதில் மண் அடைத்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

பிறகு நட்டைக் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாக ஏறக் கூடாது. இன்னும் கசிந்தால் ஸ்பானரால் சிறிதளவு மட்டும் இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் நட்டு உடைந்துவிடும்.

வாஷர் உள்ள நட்டுக்கு டெஃப்ளான் டேப் தேவையில்லை. குழாய் சுவரில் திருகியுள்ள இடம் கசிந்தால்தான் டேப் வேண்டும். அப்போது வீட்டுக்கு வரும் லைனையே மூடிவிட்டுக் குழாயைக் கழற்றுங்கள். மரையைத் துடைத்து, திருகும் திசையிலேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் உருண்டு வந்துவிடும்.

வெளியேற்றும் ஹோஸ் கசிந்தால் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள். எந்த ஹோஸானாலும் வீங்கியோ விரிந்தோ இருந்தால் துணியைக் கட்டிச் சமாளிக்காதீர்கள். புதிது போடுங்கள்.

இன்னொன்று. துணி துவைத்து முடிந்ததும் குழாயை மூடுங்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் பலர் குழாயை மூட மறந்துவிடுகிறோம். ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் வந்து, ஹோஸ் கழன்றால் பிடித்துவைக்க வேண்டிய தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் ஓடும்.

"இது ஆம்பளை வேலை" என்று சிலர் சொல்வார்கள். துணி துவைப்பது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? நட்டைத் திருகவும் அந்தக் கை போதும். ஆண்களும் பெண்களும் இரண்டு வேலையையும் பழகலாம்.

மாதம் ஒருமுறை ஹோஸைத் தடவிப் பாருங்கள். வாஷர் மாற்றிய தேதியைக் காலண்டரில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மெஷினுக்குப் பின்னால் ஒரு தாளை விரித்துப் பாருங்கள். நனைந்ததா, காய்ந்திருக்கிறதா என்று அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள்.