ஏழையின் உரிமையும் நமது பொறுப்பும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதற்கண் எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்து கொள்கிறேன்.

ரமளான் நெருங்கும் போதெல்லாம் நம் பள்ளிவாசல்களின் ஹவுள் கரையில் ஒரு விவாதம் எழுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "அரசாங்கமே அரிசி தருகிறது, பணம் தருகிறது, மருத்துவம் பார்க்கிறது. இனி நாம் கொடுக்க என்ன இருக்கிறது?" என்பார் ஒருவர். "இலவசத்தால் மக்கள் சோம்பேறிகளாகி விட்டார்கள், கடைக்கு ஆள் கிடைப்பதில்லை" என்பார் மற்றொருவர். "ஏழையைக் காப்பது தனவந்தர்களின் தர்மம். அரசுக்கு இதில் என்ன வேலை?" என்பார் மூன்றாமவர். நாட்டிலும் இதே விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. தேர்தலில் இலவசப் பொருட்களை வாக்களிப்பது ஊழல் குற்றமாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அது நேர்மையான தேர்தலைப் பாதிக்கும் என்ற கவலையையும் வெளியிட்டது. 2022இல் அவ்விவாதம் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. இதில் நம் மார்க்கம் காட்டும் வழி யாது என்பதைச் சற்றுச் சிந்திப்போமாக!

ஆட்சியாளரின் கடமை

ஒருவர் செல்வத்தை விட்டுச் சென்றால் அது அவருடைய வாரிசுகளுக்கு உரியது. கடனையோ ஆதரவற்ற குடும்பத்தையோ விட்டுச் சென்றால் அது தம் பொறுப்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. ஏழையின் சுமையில் ஆட்சியாளருக்குப் பங்குண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் குழந்தைகளுக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை என்பது தொடக்கத்தில் இருந்த விதி. ஓர் இரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காக்கச் சென்றபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். இருமுறை தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை காரணம் கேட்டபோது, வந்திருப்பவர் யார் என்று அறியாத அத்தாய், பால்குடி மறந்த குழந்தைக்கே உமர் தொகை தருகிறார், ஆகவே காலத்திற்கு முன்பே இதைப் பால் மறக்கச் செய்கிறேன் என்றார். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் ஓதல், அழுகையால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தம் விதியால் எத்தனை குழந்தைகள் மாண்டனவோ என்று அஞ்சிய அவர்கள், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு என்று அன்றே அறிவிக்கச் செய்தார்கள். இப்னு ஸஅது (ரஹ்) அவர்களின் 'தபகாத்' நூலில் இடம்பெறும் செய்தி இது.

சிந்தியுங்கள்! உதவித் திட்டத்தில் ஒரு குறை வெளிப்பட்டது. "உதவியே மக்களைக் கெடுக்கிறது" என்று கூறி அதை அவர்கள் நிறுத்தவில்லை. குறையைத் திருத்தி, உதவியை விரிவாக்கினார்கள். யாசித்து நின்ற ஒரு யூத முதியவருக்கும் பைத்துல்மாலிலிருந்து வழங்க ஆணையிட்டவர்கள் அவர்கள். அவருடைய இளமையில் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் கூறிய காரணம். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

அரசு கொடுத்தால் நம் கடமை நீங்குமா?

நீங்காது! ஜகாத் ஒரு வணக்கம். நிஸாபை அடைந்த செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை என்பது நாம் மனமுவந்து போடும் பிச்சையன்று. செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் குறிப்பிட்ட உரிமை உண்டு என்று அருள்மறை (70:24, 25) பகர்கிறது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய மகளிர் உதவிக்கு 'உரிமைத்தொகை' எனப் பெயரிட்டது. ஏழையின் பங்கிற்கு 'ஹக்கு', அதாவது உரிமை, என்று அல்லாஹ் பெயரிட்டுப் பதினான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினரை அல்லாஹ் குறிப்பிடுகிறான் (9:60). அவர்களுள் ஒருவர் கடனாளி. நியாயவிலைக் கடை அரிசி வயிற்றை நிரப்பலாம். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காக்க எந்தக் கடையில் எதை வாங்குவது? வாடகை பாக்கி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அடகில் மூழ்கும் நகை இவையெல்லாம் மஹல்லாவில் அடுத்த வீட்டாருக்குத்தான் தெரியும். ஜகாத் அங்குள்ள செல்வந்தரிடம் பெறப்பட்டு அங்குள்ள ஏழைக்கே திருப்பித் தரப்படும் என்று, முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் கூறியதன் ஞானம் இதுவே.

சோம்பேறிகளாகிறார்களா?

யாசிப்பதைவிட ஒரு கயிற்றை எடுத்துச் சென்று விறகுக் கட்டைச் சுமந்து விற்பது மேல் என்று நபி (ஸல்) அவர்கள் உழைப்பைச் சிறப்பித்தார்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1956இல் காமராஜர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் எந்தக் குழந்தையைச் சோம்பேறியாக்கின? பசித்த குழந்தையைப் பள்ளிக்கு வரவழைத்தன, அவ்வளவே!

மேலும், நம் பிள்ளை அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பயின்றால் அதை இலவசம் என்று நாம் சொல்வதில்லை. ரமளானில் நம் பள்ளிவாசலின் கஞ்சிக்கு அரசு தந்த பச்சரிசியை ஆண்டுகள் பல நாமும் பருகியிருக்கிறோம். ஏழையின் பையில் விழும் அரிசி மட்டும் நம் கண்ணை உறுத்துவது ஏன்?

எப்படிக் கொடுப்பது?

2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் பெறத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 42 பேர் மாண்டனர். 2008 ரமளானில் இந்தோனேசியாவின் பசுருவான் நகரில், ஒரு செல்வந்தர் வீட்டு வாசலில் ஜகாத் பெற நின்ற பெண்களில் 21 பேர் நெரிசலில் மாண்டனர். முன்னது அரசின் உதவி, பின்னது தனிமனிதரின் தர்மம். இரண்டிலும் மிதிபட்டவர்கள் ஏழைகளே. கொடுப்பவர் யார் என்ற விவாதத்தில், கொடுக்கும் முறையை நாம் மறந்துவிட்டோம்.

சகோதரர்களே! இதில் என் தவறையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஊரில், ஜகாத் கணக்கில் ஒளிவு மறைவு கூடாது என்று எண்ணி, பெற்றவர்களின் பெயர்களைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். தையல் வேலை செய்து மகளை வளர்த்த ஒரு விதவை மறு ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. மக்தபுக்கு வந்த அச்சிறுமியிடம் விசாரித்தேன். "உம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க ஹஜ்ரத். பேரை ஒட்டுவீங்கள்ல" என்றாள். உடன் ஓதும் பிள்ளைகள் பலகையைப் படித்துவிட்டு அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். அந்த ஆண்டு வாடகைக்காக அத்தாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். என் மனைவியுடன் சென்று மன்னிப்புக் கேட்டேன். சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற இறைக்கட்டளையை (2:264) மிம்பரில் எத்தனையோ முறை ஓதியவன் நான்!

கேட்காத ஏழையின் தன்மானத்தைக் கண்டு, அறியாதவர் அவரைச் செல்வர் என்றே எண்ணுவர் என்கிறது குர்ஆன் (2:273). அவரை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, நம் ஜகாத்தை ஊகமாக அன்றி முறையாகக் கணக்கிட்டு நிறைவேற்றுவோம். இரண்டாவது, தேவையுடையோரை அறிய வரிசையில் நிறுத்த வேண்டாம். வறுமைக்கு அவருடைய சமூகத்தின் அறிவுடையோர் மூவர் சாட்சி கூறினால் போதும் என்று கபீஸா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிம் நூலில் உள்ளது. மஹல்லாவில் நம்பிக்கைக்குரிய மூவர் அறிந்திருக்கட்டும். பொருள் வீடு தேடிச் செல்லட்டும். பலகையில் தொகையும் எண்ணிக்கையும் மட்டும் வரட்டும். மூன்றாவது, விதவை ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்ற அரசு உதவிகளுக்குத் தகுதியிருந்தும் காகிதம் நிரப்பத் தெரியாமல் நிற்போர் பலர். படித்த நம் இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் பள்ளியில் அமர்ந்து அவர்களுக்கு எழுதித் தரட்டும். தகுதியற்றவர் அவ்வுதவியைப் பெறுவது ஏழையின் பங்கைப் பறிப்பதாகும் என்பதையும் எடுத்துரைக்கட்டும்.

அரசு தன் கடமையைச் செய்யட்டும். அதைக் காரணம் காட்டி நாம் நம் கடமையைக் கைவிட்டால், மறுமையில் கேள்வி கேட்கப்படுவது நாமே.

யா அல்லாஹ்! எங்கள் செல்வத்தில் பிறர் உரிமை தங்கிவிடாமல் காப்பாயாக! கொடுக்கும் எங்கள் கைகளால் எவருடைய மானமும் புண்படாமல் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.