மணலும் ஒரு வழிப்போக்கன்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொழிலின் பொருட்டு விசாகப்பட்டினத்தில் குடியேறி வாழும் நாம், மாலை வேளைகளில் குழந்தைகளுடன் இராமகிருஷ்ணா கடற்கரைக்குச் செல்கிறோம். விடுமுறையில் சென்னை சென்றால் மெரினாவில் உலவி மகிழ்கிறோம். இவ்விரு மணற்பரப்புகளையும் இயற்கை அளித்த கொடையென்றே எண்ணி வந்துள்ளோம். அது முழு உண்மையன்று. துறைமுகம் என்னும் மனிதப் படைப்பு மெரினாவை அகலச் செய்தது. அதே படைப்புத்தான் இங்கே நம் கடற்கரையை மெலியச் செய்கிறது. இம்முரண்பாட்டின் காரணத்தை இன்று சிறிது ஆராய்வோம்.

கரையிலுள்ள மணல் ஓரிடத்தில் தங்கியிருப்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கிழக்குக் கரையில் வடக்கே செல்வதே மிகுதி. நம்மைப் போலவே மணலும் தெற்கிலிருந்து வடக்கே வந்த குடிதான்!

முற்காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டன. மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அத்தொல்லையை நீக்க 1876-ஆம் ஆண்டு துறைமுகப் பணி தொடங்கப்பெற்றது. 1881-ஆம் ஆண்டுப் புயல் சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கடலுக்குள் நீண்ட அச்சுவர்கள் மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து, மெரினா எனப் பெயரிட்டார்.

வடக்கே நிகழ்ந்தது என்ன? வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் இருந்த மணலை அலைகள் கொண்டு செல்வது மட்டும் நிற்கவில்லை. இராயபுரம் முதலான இடங்களில் கடல் ஊருக்குள் புகுந்து, மீனவர் குடியிருப்புகளை அரித்தது. கருங்கற்களைக் கொட்டிக் காத்தனர். காத்த இடம் தப்பியது. அரிப்போ அதற்கும் வடக்கே நகர்ந்தது. தென்கரையார் பெற்ற ஆதாயத்திற்கு வடகரையார் விலை கொடுத்தனர்.

நம் விசாகப்பட்டினத் துறைமுகம் 1933-இல் திறக்கப்பெற்றது. சென்னையின் அனுபவம் இங்கே பயன்பட்டது. இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைதடுப்பாக அமைத்தனர். அதன் மறைவில் படியும் மணலைத் தூர்வாரி, வடகரைக்குச் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தனர். மறித்தவரே மணலை அப்பால் சேர்த்துவிடும் இம்முறை எத்துணைச் சிறந்தது! 1970-களில் வெளித்துறைமுகத்தின் பெருஞ்சுவர்கள் எழுந்தபின் இக்கடமை மேலும் பெரிதாயிற்று. போதிய மணல் வந்து சேராதபோது கரை அரிபட்டுச் சரிவதை நாமே கண்டிருக்கிறோம்.

துறைமுகம் மட்டுமே காரணமன்று. ஆறுகளே கடற்கரைக்கு மணல் ஊட்டும் தாய்மார்கள். அணைகள் வண்டலைத் தேக்கிக்கொள்கின்றன; ஆற்றுமணலையோ நாம் வீடு கட்ட அள்ளிவிடுகிறோம். கடலடிச் சேறும் நம் செயலுக்குத் தப்பவில்லை. ஆலைக் கழிவிலுள்ள உலோகங்கள் நுண்ணிய சேற்றில் ஒட்டிப் பல்லாண்டுகள் தங்குகின்றன. கப்பலின் அடிப்பாகத்தில் பூசிய வெள்ளீயக் கலவை வண்ணம் சிப்பி, நத்தை இனங்களைக் கெடுத்தமையால், 2008-ஆம் ஆண்டு முதல் சர்வதேச உடன்படிக்கை அதனைத் தடுக்கிறது. ஆயினும் முன்பு படிந்த நஞ்சு சேற்றிலேயே கிடக்கிறது. தூர்வாரும்போது கலங்கி மேலெழக் கூடும்.

துறைமுகம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நம்மில் பலர் வீட்டு அடுப்பு எரிவதே துறைமுகத்தால்தான். எனினும், வடக்கே ஜாலாரிப்பேட்டை மீனவர்க்குக் கரையில்லையேல் படகை இழுத்து வைக்க இடமில்லை. அவர் அடுப்பும் எரிய வேண்டுமன்றோ?

ஆகவே, புதிய துறைமுகத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் கூடும்போது நாமும் செல்வோம். “இச்சுவருக்கு வடக்கே உள்ளவர்க்கு மணல் எவ்வாறு போய்ச் சேரும்?” என்னும் ஒரு வினாவைத் தவறாது எழுப்புவோம். வந்த ஊரின் நலத்தைத் தம் நலமாகக் கொள்வதே குடியேறியோர்க்கு அழகு.