பிணையாக நின்றவர் திரும்பி வந்தார்

(பாஸ்கா இரண்டாம் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



'மீட்பு' என்ற சொல்லைக் கோவிலில் கேட்பதற்கு முன்பே நாம் வீட்டில் கேட்டிருக்கிறோம். பிள்ளையின் படிப்புக்காக அடகு வைத்த நகையை, அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், "மீட்டாச்சா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்பார்கள். பொருள் நம்முடையது. ஆனால் வேறொருவர் பிடியில் இருக்கிறது. யாராவது விலை கொடுத்தால்தான் அது வீட்டுக்கு வரும். அந்த ஒரு கேள்விக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

நம் ஆண்டவரும் தம் சாவின் பொருளைச் சீடர்களுக்குச் சொன்னபோது இப்படிப்பட்ட கடைத்தெருச் சொல் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் செபதேயுவின் மக்கள் இருவரும் வலப்பக்கம், இடப்பக்கம் இருக்கை கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. (அந்த இருக்கைகள்மேல் அவர்களுக்கும் ஒரு கண் இருந்திருக்கும் போலும்.) அப்போதுதான் இயேசு, தாம் வந்தது பிறரிடம் பணிவிடை பெற அல்ல என்றும், பலருக்கு ஈடாகத் தம் உயிரையே தர என்றும் சொல்கிறார். 'ஈடு' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'லூட்ரோன்'. அடிமையை விடுவிக்க, போர்க்கைதியை மீட்க, எண்ணிக் கொடுக்கும் பணத்துக்கு அன்றைய மக்கள் வைத்திருந்த பெயர் அது.

சரி, விலை கொடுத்தார் என்றால் யாருக்குக் கொடுத்தார்? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்டால் ஆசிரியர்கள் திணறுகிறார்கள். திணறுவதில் வெட்கமில்லை, திருச்சபைத் தந்தையரே இதைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன், நம்மைப் பிடித்து வைத்திருந்த அலகைக்குத்தான் அந்த விலை போயிற்று என்ற போக்கில் எழுதினார். நான்காம் நூற்றாண்டில் நாசியான்சு நகர்ப் புனித கிரகோரியார் இதைக் கேட்டுக் கொதித்துப் போனார். கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பதா என்று தம் பாஸ்கா மறையுரையில் கேட்டார். அப்படியானால் தந்தைக்கா? நம்மைச் சிறைப்படுத்தியவர் தந்தை அல்லவே என்று அதையும் மறுத்தார்.

இது ஏதோ குருமடத்து வாதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு வீட்டில் சிறுபிள்ளை இறந்துபோகிறது. துக்கம் கேட்க வருகிற சிலர், பெற்ற தாயின் காதுபடவே, "யார் செய்த பாவமோ, ஆண்டவர் கணக்குத் தீர்த்துவிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாய்க்கு அதன்பிறகு கோவிலுக்குள் நுழையவே கால் வருவதில்லை. பீடத்தில் இருப்பவர் வட்டிக்காரர் என்று அவரிடம் சொல்லப்பட்டுவிட்டது. கடவுளுக்கு இரத்தம் வேண்டியிருந்தது, மகனிடம் வாங்கிக்கொண்டார், போதாததற்கு நம்மிடமும் அவ்வப்போது வாங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், அது நற்செய்தி அல்ல. புனித பவுல் சொல்வது நேர் எதிரானது. கிறிஸ்துவில் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே. செலவு முழுவதும் அவருடையது.

பழைய ஏற்பாட்டில் மீட்பவர் யார் என்று பாருங்கள். லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தின்படி, வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றாலோ தன்னையே அடிமையாக விற்றாலோ, அவனை மீட்க வேண்டியவர் நெருங்கிய உறவினர். போவாசு ரூத்துக்காக முன்வந்ததும் இந்த முறைப்படியே. ஊரில் பணம் உள்ளவர் எல்லாரும் மீட்பர் ஆகிவிட முடியாது, அதற்கு முதலில் சொந்தம் வேண்டும். நம்மை மீட்க நினைத்த இறைமகன் பெத்லகேமில் பிறந்து நம் இரத்த உறவானதும் இந்த முறையில்தான்.

விலை கொடுத்து மீட்பது என்றால் என்ன என்பதைத் திருச்சபை வெறும் வார்த்தையாக வைத்திருக்கவில்லை. நடுநிலக் கடலில் கடற்கொள்ளையர் ஆள்பிடித்த காலம் அது. கிறிஸ்தவர், முஸ்லிம் என்று இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர். மாத்தா நகர்ப் புனித யோவான் தொடங்கிய திரித்துவ சபைக்கு 1198இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஒப்புதல் அளித்தார். சபையின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு கைதிகளை மீட்பதற்கே என்று அதன் ஒழுங்குவிதி சொன்னது. 1218இல் பார்சலோனாவில் புனித பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய மெர்சிதாரியர் சபையோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடு: பணம் போதவில்லை என்றால், கைதியை அனுப்பிவிட்டு அவன் இடத்தில் நானே பிணையாக இருப்பேன் என்பது. அந்தச் சபையின் பாதுகாவலியான அன்னைக்கு வந்த விழாதான் செப்டம்பர் 24. கன்னியாகுமரியில் நாம் அலங்கார உபகார மாதா என்று அழைத்து வேண்டும் தாயின் பெயரில் உள்ள 'உபகாரம்' இந்த மீட்பையே குறிக்கிறது. கடலுக்குப் போன மகன் திரும்பி வராத வேதனையை அந்தக் கரையில் உள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மீட்கப்பட்டவர்களில் ஒருவரை உலகமே அறியும். ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸ் 1575இல் கப்பலில் வரும்போது பிடிபட்டு அல்ஜியர்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் கைதியாக இருந்தார். அவரிடம் பெரிய மனிதர்களின் சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. அதைப் பார்த்து, இவர் பெரும்புள்ளி என்று எண்ணி விலையை ஏற்றிவிட்டார்கள்! (சிபாரிசுக் கடிதத்துக்கு அலைகிற நமக்கு இது நல்ல சேதி.) நான்கு முறை தப்பிக்க முயன்று தோற்றார். வீட்டார் திரட்டிய பணம் போதவில்லை. 1580 செப்டம்பரில், கான்ஸ்டான்டினோபிளுக்குப் போகும் கப்பலில் அவரை ஏற்றிவிட்ட நிலையில், திரித்துவ சபைத் துறவி ஹுவான் கில் குறைந்த தொகையைத் தேடிச் சேர்த்து, 500 பொற்காசுகள் கட்டி அவரை இறக்கினார். 'டான் குவிக்சாட்' நூல் வெளிவந்தது அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1605இல். 1616இல் இறந்தபோது செர்வான்டிஸை அடக்கம் செய்த இடம் மத்ரித் நகரில் உள்ள திரித்துவ சபைக் கன்னியர் மடம்.

இப்போது பிணையாக நின்ற துறவியிடம் வருவோம். கைதி ஊர் திரும்பிவிட்டான். துறவி அந்தச் சிறையில் இருக்கிறார். பணம் வந்து சேரவில்லை என்றால் அவர் கதை அங்கேயே முடியும். பெரிய வெள்ளியன்று மாலை, கல்லறை வாயிலில் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் கண்டது இதைத்தான். நம் இடத்தில் போனவர் உள்ளே மாட்டிக்கொண்டார். கதை அதோடு நின்றிருந்தால், நமக்கு மிஞ்சுவது நன்றிக்கடன் மட்டுமே. நம் நம்பிக்கை வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்த நிலையைப் பற்றித்தான்.

ஆனால் சாவு தான் வாங்கிய பிணையாளி யார் என்று அறியாமல் வாங்கிவிட்டது. வெளியே இருந்து யாரும் பணம் அனுப்பவில்லை. அவர் உள்ளிருந்தே கதவை உடைத்தார். கீழைத் திருச்சபையினர் உயிர்ப்பை வரையும் முறையைப் பாருங்கள். இஸ்தான்புல் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. அதில் இயேசு தனியாக எழுந்து வருவதில்லை. ஒரு கையில் ஆதாமையும் மறு கையில் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறார். காலடியில் உடைந்த கதவுகளும் பூட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. விலை யாருக்குப் போயிற்று என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை, பெட்டியைப் பூட்டி வைத்திருந்த கடையே தகர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனும் அதோடு செல்லாததாகிறது. விடுதலைச் சான்றிதழும் தருகிறார்கள். ஆனாலும் செங்கல் சூளையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களில் சில, வேறு பிழைப்பு இல்லாமல், மறுபடியும் முன்பணம் வாங்கிக்கொண்டு அதே சூளைக்குப் போகின்றன. பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது, வெளியே வாழ ஒரு வாழ்வு வேண்டும். எகிப்தை விட்டு வந்த மக்களும் அங்கே தின்ற வெங்காயத்தையும் வெள்ளரியையும் நினைத்து அழுதார்கள். ஆகவேதான் சிலுவையோடு நில்லாமல், உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் வந்து சீடர்மேல் ஊதி, தூய ஆவியைக் கொடுக்கிறார். புது வாழ்வையும் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்.

இந்தப் பாஸ்கா காலத்தில் பல பங்குகளில் புதுநன்மை விழா வருகிறது. பந்தி பெரிதாக இருக்க வேண்டும் என்று நகையை அடகு வைக்காதீர்கள். கஞ்சியும் துவையலும் வைத்தாலும் அந்தப் பிள்ளை உட்கொள்ளும் ஆண்டவர் அதே ஆண்டவர்தான். சூளையிலோ ஆலையிலோ முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் குடும்பம் உங்கள் அன்பியத்தில் இருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். பிள்ளையை இழந்து கோவில் வாசலோடு திரும்பிப் போகும் அந்தத் தாயின் வீட்டுக்கும் இந்த வாரமே போவோம். பாவக் கணக்கு எதையும் பேசாமல், சற்று நேரம் அவரோடு உட்கார்ந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு வருவோம்.